பதினான்காம் இடத்து லென்ஸ்

ஒரகடத்தில் கார் முகப்பு விளக்கு செய்யும் ஒரு தொழிற்சாலையில் மகாராஜாவுக்குக் கடைசிப் பரிசோதனை வேலை. விளக்கின் மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பான். கீறலோ குமிழோ இருந்தால் என்ஜி, இல்லாவிட்டால் ஓகே. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஏழு வருடமாக இதைத்தான் செய்கிறான்.

மற்ற நேரத்தில் பழைய கேமரா லென்ஸ்களைப் பரிசோதிப்பான். பிலிம் காலத்து லென்ஸ்கள். ஐம்பது, ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். விளக்கு மங்கிய அறையிலும் படம் எடுக்கும் அளவுக்கு வாய் அகலமானவை. முழுதாகத் திறந்தால் இவற்றில் பலவும் ஓரங்களில் கலங்கும். எது அதிகம் கலங்குகிறது, எது குறைவு என்று கண்டுபிடித்து வரிசைப்படுத்துவதுதான் அவன் பொழுதுபோக்கு. அடாப்டர் போட்டு ஒரு டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் பார்ப்பான். ஊரில் யாரிடம் லென்ஸ் இருந்தாலும் இரவல் வாங்குவான். இப்படிப் பதினான்கு லென்ஸ்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, பழைய லென்ஸ் பிரியர்களான எங்கள் டெலிகிராம் குழுவில் வைத்திருந்தான். குழுவில் முந்நூறு பேர் இருக்கிறோம். நான் பின்லாந்தில் இருக்கிறேன். குளிர்காலத்தில் மாலை மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊர். அந்தப் பட்டியலை நம்பி, முதலிடத்தில் இருந்த லென்ஸைத் தேடி வாங்கினேன்.

அவன் பரிசோதிக்கும் முறை எளிமையானது. வல்லம் வடகாலில் அவன் இருக்கும் வாடகை அறைச் சுவரில் ஐந்து தினசரி காலண்டர்கள் தொங்கும். ஹார்டுவேர் கடை, நகைக்கடை, மெடிக்கல், மெஸ், டூவீலர் மெக்கானிக் என்று ஐந்து பேர் கொடுத்தவை. மேலே இருக்கும் சாமி படம்தான் வேறு. கீழே கிழிக்கும் தாள் ஐந்திலும் ஒன்றே. ஒன்றை நடுவிலும் நான்கை மூலைகளிலும் மாட்டிப் படம் எடுப்பான். எந்த நாள் தாளிலும் அடியில் பொடி எழுத்தில் ‘சந்திராஷ்டமம்’ என்று இருக்கும். அந்தச் சொல்லில் மூன்று புள்ளிகள். மூலைக் காலண்டரில் மூன்றும் தெரிந்தால் முதல்தரம். இரண்டு தெரிந்தால் பாஸ். அதற்கும் கீழே என்ஜி. நிறம் கண்ணைத் திசைதிருப்பும் என்று படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிப் போடுவான். இதைவிட நேர்மையான சோதனையை நான் பார்த்ததில்லை என்று குழுவில் நானே எழுதியிருக்கிறேன்.

பட்டியலில் பதினான்காம் இடம் மஞ்சுளாவின் லென்ஸுக்கு. மஞ்சுளா அவனுடைய லைன் சூப்பர்வைசர். வல்லத்திலேயே பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டவர். கேன்டீனில் வேலை முடிந்து உட்கார்ந்திருக்கும் பெண்களை அந்த ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸில் நிறையப் படம் எடுத்து வைத்திருந்தார். மகாராஜா என்ஜி என்று சொன்ன பிறகு எடுப்பதை விட்டுவிட்டார். படத்தைப் பார்த்தால் முகம் தெரியவில்லை, கலங்கல்தான் தெரிகிறது என்றார். இரண்டு மாதம் அலமாரியில் கிடந்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். லென்ஸைக் கேமராவில் திருகி மாட்டும் பின்பக்க மரையை அறுத்து எடுத்துவிட்டால், லைனில் பரிசோதனை விளக்கைத் தாங்கும் கம்பியில் பூதக்கண்ணாடியாக மாட்டலாம். டூல் ரூம் நடேசன் அறுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

இது எனக்கு அப்போது தெரியாது. என் கவலை வேறு. எனக்கு வந்த லென்ஸ் பட்டியலில் இருந்த அளவுக்குக் கூர்மையாகத் தோன்றவில்லை. ஏமாந்துவிட்டேனோ, குளிரில் லென்ஸுக்குள் இருக்கும் எண்ணெய் உறைந்துவிட்டதோ, என் கண்ணில்தான் கோளாறோ என்று மூன்று நாள் யோசித்துவிட்டு, அவனிடமே இருந்த முதலிட லென்ஸில் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பும்படி மகாராஜாவுக்கு எழுதினேன். மே தினத்தன்று காலை, லீவுதானே என்று அவன் கேமராவை நிறுத்தினான்.

மூலையில் ஒரு புள்ளிதான் தெரிந்தது.

லென்ஸைக் கழற்றி மாட்டினான். மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரி போகும்போது சுவர் அதிரும். ஆகவே லாரி இல்லாத நேரம் பார்த்து மறுபடி எடுத்தான். அதே ஒரு புள்ளி. கீழே விழுந்ததா என்று அறையில் கூடத் தங்கியிருக்கும் இரண்டு பேரையும் கேட்டான். அவர்கள் தொடவே இல்லை என்றார்கள். அன்று காலை கிழித்த முந்தின நாள் தாள் குப்பையில் கிடந்தது. என்ன நினைத்தானோ, அதை எடுத்து மூலைக் காலண்டரின் மேல் கிளிப் போட்டு எடுத்தான். மூன்று புள்ளி.

முந்தின நாள் தாள் கறுப்பு மையில் அச்சிட்டது. மே தினத் தாள், லீவு நாள் என்பதால், சிவப்பு. மலிவுத் தாளில் சிவப்பு எழுத்து கறுப்பு அளவுக்கு எடுப்பாக நிற்பதில்லை. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் வெறும் சாம்பலாகிவிடும். கோளாறு லென்ஸில் இல்லை.

மடிக்கணினியைத் திறந்து, வெட்டாத பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவனுக்கு வார ஓய்வு ஒரு மாதம் புதன், ஒரு மாதம் வெள்ளி, ஒரு மாதம் ஞாயிறு என்று மாறி மாறி வரும். ஞாயிற்றுக்கிழமைத் தாளும் சிவப்பு. பட்டியலில் மேலே இருந்த பத்தும் கறுப்பு நாளில் எடுத்தவை. கீழே இருந்த நான்கும் சிவப்பு. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு வருடமாக அந்தத் தாள்களை நேரில் பார்த்துத்தான் போகஸ் செய்திருக்கிறான்.

முதலில் மஞ்சுளாவுக்குத்தான் போன் போட்டான்.

“அக்கா, அந்த லென்சு எங்க இருக்கு?”

“நடேசன் கைல நேத்தே குட்த்துட்டேனே. இன்னிக்கி லீவு, பட்டறைல வெச்சி அறுத்துடறேன்னான். இன்னாத்துக்கு?”

“அறுக்காண்டாம்னு சொல்லுங்கக்கா. நான் சொன்னது தப்பு.”



“இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு. ஸ்பீக்கர்ல போடறேன், எங்க வூட்டுக்காரரும் கேக்கட்டும்.”

“விளையாடாதீங்கக்கா. அது என்ஜி இல்ல. காலண்டர் சீட்டு சிவப்பு, அதான் கோளாறு. பொறவு வெவரமாச் சொல்லுதேன், முதல்ல அவருக்குப் போன் போடுங்க.”

நடேசன் போனை எடுக்கவில்லை. மிஷின் ஓடும்போது அவருக்குக் காது கேட்காது. அவருடைய பட்டறை வாலாஜாபாத் சாலையில், தகரக் கொட்டகை. மகாராஜா பைக்கில் போய் மஞ்சுளாவை ஏற்றிக்கொண்டு அங்கே போனபோது, லென்ஸை லேத்தில் மாட்டிச் சுற்ற விட்டிருந்தார். மஞ்சுளா வாசலிலிருந்தே கத்தினார்.

“யோவ் நிறுத்துயா!”

நடேசன் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினார். “இன்னாமே, வூட்ல யாருக்காச்சும் எதுனா ஆயிடுச்சா?”

“லென்சு நல்லாத்தான் கீதாம். இவன்தான் தப்பா சொல்லிட்டானாம்.”

“யாரு, மகாராஜாவா?” நடேசன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “எங்க டூல் ரூம்ல எத்தினி பீஸை நீ தூக்கிப் போட்டுக்கீற. ஒரு நாளாச்சும் இப்டி ஓடியாந்து நிறுத்திக்கீறியா நீ?”

மகாராஜா லென்ஸைக் கழற்றச் சொல்லி வாங்கிப் பார்த்தான். மரையில் ஒரு சுற்று மட்டும் போயிருந்தது. மீதி மூன்று சுற்று இருந்தது. கையோடு கொண்டுவந்திருந்த அடாப்டரில் இறுக்கமாகத்தான் ஏறியது.

வெளியே வந்ததும் மஞ்சுளா கேட்டார். “சரி, உன் லிஸ்ட்டு இன்னா ஆவறது?”

“மொத்தமும் ஹோல்டுதான்கா.”

“அத்த யார்ட்ட சொல்லுவ?”

“குரூப்ல போடணும்.”

“போடுவியா?”

அவன் பைக்கின் மேல் உட்கார்ந்தே எழுதினான். எங்களுக்கு வந்த செய்தி நான்கு வரி. சிவப்புத் தாளில் எடுத்தது என் தவறு, கடைசி நான்கு இடங்களும் தப்பு, பட்டியலை யாரும் நம்ப வேண்டாம், பதினான்கையும் திரும்பப் பார்க்கிறேன். கோயம்புத்தூரில் ஒருவர், பன்னிரண்டாம் இடத்து லென்ஸை இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் மச்சானுக்குச் சும்மா கொடுத்துவிட்டேன் என்று எழுதி, ஒரு கும்பிடும் போட்டார். இன்னொருவர், காலண்டரைப் பார்த்து லென்ஸ் பார்த்தால் இப்படித்தான், இனி ராகு காலத்தையும் கவனிக்கவும் என்றார். அதற்கு நாற்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரிப்புக் குறி போட்டுவிட்டு, பிறகு எடுத்துவிட்டேன். நேர்மையான சோதனை என்று நான் எழுதியிருந்தது கொஞ்சம் மேலே அப்படியே இருந்தது.

மறு பரிசோதனைக்கு மூன்று வாரம் ஆனது. இந்த முறை ஒரே தேதித் தாள், கறுப்பு, ஐந்தையும் ஆணியடித்து வைத்தான். இரவல் கொடுத்தவர்களிடமெல்லாம் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் தரவில்லை. முதலிடத்தில் இருந்த என் வகை லென்ஸ் மூன்றாவதானது. ஆக, என் கண்ணில் கோளாறில்லை. மஞ்சுளாவுடையது ஏழு.

அதைத் திருப்பிக் கொடுக்க கேன்டீனுக்கு எடுத்துப் போனான்.

“இப்ப இது ஓகேவா, என்ஜியா?” என்றார் மஞ்சுளா.

“மூணு புள்ளில ரெண்டு தெரியுதுக்கா.”

“அத்த கேக்கல. ஓகேவா, என்ஜியா?”

அவன் கொஞ்ச நேரம் லென்ஸின் வாய்மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். “நீங்க இதுல எடுத்த படம் ஏதாச்சும் இருக்கா? இதுவரைக்கும் நான் பாத்ததே இல்ல.”

மஞ்சுளா போனில் ஒரு படத்தைக் காட்டினார். பேக்கிங்கில் இருக்கும் செங்கமலம், டிபன் பாக்ஸை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு, வாய் விட்டுச் சிரிக்கிறார். தினமும் மகாராஜாவுக்கு எதிர் மேசையில் சாப்பிடுகிறவர். மகாராஜா போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தின் வலது கீழ் மூலையைப் பெரிதாக்கினான்.

மஞ்சுளா அவன் கையில் ஒன்று போட்டார். “மூஞ்சியப் பாருடா. மூலைய இன்னாத்துக்கு நோண்டற?”

அவன் படத்தைப் பழையபடி சிறிதாக்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

“செங்கமலம் அக்காவுக்கு முன்பல்லு விழுந்துட்டா?”

“அது போயி ரெண்டு வருசமாவுது” என்றார் மஞ்சுளா.