ஆறு திருகாணிகள்

தலைவலித் தைலம் வந்த தகர டப்பா ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதற்குள் ஆறு திருகாணிகள். நேற்றுக் காலையிலும் எண்ணிப் பார்த்தேன், ஆறு. எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரின் பக்கமூடியில் இருந்திருக்க வேண்டியவை. அந்தப் பெட்டி மலையை விட்டு இறங்கிப் பதின்மூன்று வருடமாகிறது. வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்கு எழுபத்தொன்று. டப்பாவைத் திறந்தால் கோபம் இன்னும் அப்படியே வருகிறது.

நேற்று அதைத் திறக்கவைத்தது என் வீட்டுக் கம்ப்யூட்டர். அதற்குப் பதினொரு வயது. பொத்தானை அழுத்தி ஒன்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். கோவையிலிருக்கும் மகள், "தூக்கிப் போட்டுட்டு, பார்ட்ஸ் வாங்கிப் புதுசு கட்டுங்கப்பா" என்கிறாள். ஏற்காடு கடைவீதியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய், "மெமரி ஏத்திப் பாக்கலாங்க, ஆனா போர்டு நொம்பப் பழசு" என்கிறார். பழையதைச் சரிசெய்து ஓட்டுவதா, புதிதாகக் கட்டுவதா? இதே கேள்விக்கு ஒருமுறை நான் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லாத பதில்.

அப்போது நான் எஸ்டேட் ஸ்டோர்கீப்பர். எதிர் மேசையில் டைப்பிஸ்ட் அம்மா. என்னைவிட ஒரு வயது மூத்தவர். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் பிறந்த குழந்தைகளின் பெயர், நாள், தாய் தகப்பன் பெயர் எல்லாம் ஆபீஸின் பெரிய பதிவேடு ஒன்றில் எழுதப்பட்டிருந்தன. பள்ளியில் சேர்க்க, சான்றிதழ் வாங்க, எதற்கும் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். பதிவேட்டின் தாள்கள் மலை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, பூச்சியும் அரித்தபோது, யாரும் சொல்லாமலே அவர் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஏற்றி முடித்ததும் பதிவேட்டை மேனேஜர் குப்பையில் போடச் சொல்லிவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் மலையில் சுவரே வியர்க்கும். காபிக்கொட்டைக்கு ஈரம் ஏறாமல் பார்க்கத் தெரிந்த எங்களுக்குக் கம்ப்யூட்டரும் அதே மாதிரிதான் பட்டது. டைப்பிஸ்ட் அம்மா பக்கமூடியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எப்போதும் எரியவிட்டிருந்தார். கழற்றிய திருகாணிகள்தான் தைல டப்பாவுக்குள் போயின. சேலத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்கம்மா, கோழிக்குஞ்சு பொரிக்கிறீங்களா?" அம்மா நிமிராமலே, "உள்ள நானூத்திப் பன்னெண்டு குஞ்சு இருக்குதுங்க. காலு பட்டுறாமப் பாத்து நில்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

கம்ப்யூட்டர் மெதுவாகிப் போனது. மேனேஜர் எங்கள் இருவரிடமும் கருத்து கேட்டார். அம்மா, மெமரி மட்டும் கூட்டினால் போதும், அதற்குள் பெயர்ப் பட்டியல் இருக்கும் டிஸ்க்கைத் தொட வேண்டாம் என்று இரண்டு வரி எழுதினார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு நாளைக்குப் பதினொரு நிமிடம் வீணாகிறது, வருடத்தில் வேலை நாள் இத்தனை, ஆகவே ஐம்பத்தைந்து மணி நேரம். மேனேஜர் என் தாளைத் தட்டிக் காட்டி, புதிது கட்டச் சொன்னார். "அப்பப் பழைய டிஸ்க்கப் புதுசுல மாட்டிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார் அம்மா. ஆகட்டும் என்றார் மேனேஜர். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா தன் தங்கையின் சாவுக்குப் போன நான்கு நாளில் புதுப் பெட்டி வந்தது. பழையதை எடுத்துப்போக வேன் நின்றது. ஒப்படைக்க வேண்டியவன் நான். திரை ஒன்று, கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று, வயர் மூன்று, பெட்டி ஒன்று, மூடி ஒன்று. மூடி கழன்ற பெட்டி அது. டிஸ்க் கண்ணெதிரே தெரிந்தது. "ஆபீஸ் ஃபைல் எல்லாம் ஏத்தியாச்சுங்க சார்" என்றார் கம்ப்யூட்டர்காரர். கையெழுத்துப் போட்டேன். வேன் போன பிறகுதான் தைல டப்பா கண்ணில் பட்டது. உடனே சேலத்துக்குப் போன் போட்டேன், ஆறு திருகாணி இங்கே தங்கிவிட்டது என்று. "நீங்களே வெச்சுக்குங்க சார்" என்றார்கள். டிஸ்க் அந்த நேரம் கொண்டை ஊசி வளைவில்தான் இறங்கிக்கொண்டிருந்திருக்கும். கேட்டிருந்தால் திரும்பி வந்திருக்கும்.

கம்ப்யூட்டர்காரர் புதுப் பெட்டியில் ஏற்றியிருந்தது சம்பளத் தாள்களையும் கடிதங்களையும் மட்டுமே. அம்மா தனியாக வைத்திருந்த பட்டியலை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா திரும்பி வந்து தேடி, சேலத்துக்குப் போன் போட்டபோது, டிஸ்க்கை அழித்து விற்றுவிட்டதாகப் பதில் வந்தது. அன்றைக்கென்று வெள்ளக்கடையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நர்ஸ் படிப்புக்கு மனுப் போட வயதுச் சான்று வேண்டும். தாய் தகப்பன் இருவரும் இல்லை. அவள் பிறந்த நாளைச் சொல்ல அந்தப் பட்டியலை விட்டால் ஆளில்லை. இரண்டேகால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் வெளியே வந்து, "ஏதாவது ஒரு தேதியப் போட்டுக் குடுத்து அனுப்புங்க" என்றார். "பொறந்த நாள நாமளாப் போட்டுக் குடுக்கறதுங்களா?" என்று அம்மா எழுந்துவிட்டார். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து, "ஊட்டுக்குப் போ சாமி, என்கிட்ட இல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆறு ஸ்க்ரூவுக்குப் போன் போட்டீங்களாமா ஸ்டோர்காரரே. நொம்ப நல்லா எண்ணுறீங்க."

அதன் பிறகு வேலை விஷயம் தவிர என்னோடு அவர் பேசியதில்லை. ஓய்வு பெற்ற நாளில் ஒரு நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நினைவிலிருந்து எழுதிய ஐம்பத்தேழு பெயர்கள், தேதியோடு. சந்தேகமான ஒன்றைக்கூட எழுதவில்லை. நான்கு வருடத்தில் இறந்துபோனார். நான் கம்ப்யூட்டர் வாங்கியது அந்த நோட்டுக்காகத்தான். கரடியூர், மஞ்சக்குட்டை என்று ஜீப்பிலும் நடையிலும் போய், வயதான தாய்மார்களைக் கேட்டு எழுபத்துநான்கு பெயர் சேர்த்திருக்கிறேன். அப்படி விசாரித்த பிள்ளைகளில் பதினேழு பேருக்கு ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி ஒன்று. யாரோ ஒருவர் சௌகரியத்துக்குப் போட்ட தேதி. அதைப் பார்த்தால் மேனேஜர் மேல் வரும் கோபம், பாதி வழியில் என் பக்கம் திரும்பிவிடுகிறது.

இன்று பாய் கடைக்குப் போனேன். புதிதாகவே கட்டச் சொன்னேன். ஆனால் என் பழைய டிஸ்க் அதற்குள் இருக்க வேண்டும், என் கண் முன்னால் மாட்ட வேண்டும் என்றேன். "எல்லாத்தையும் காப்பி பண்ணித் தந்துடறேங்க, நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றார். காப்பியும் பண்ணுங்கள், டிஸ்க்கும் மாட்டுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். "புதுப் பெட்டியில கிளிப்புதானுங்க, ஸ்க்ரூவே வேண்டாம்" என்றார். நான் தைல டப்பாவை நீட்டினேன். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் நான்கு திருகாணிகளை எடுத்து டிஸ்க்கை இறுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணினேன். டப்பாவில் இரண்டு மிச்சம். பட்டியலில் இன்னும் கண்டுபிடிக்க இருநூற்று எண்பத்தொன்று மிச்சம். வெள்ளக்கடைப் பெண்ணின் தேதி அதில் ஒன்று.