மச்சினனுக்கு ‘ஹை’, எனக்கு வெறும் ‘நார்மல்’

போன மாதம் நானும் என் மச்சினனும் நாமக்கல்லில் ஒரே லேபில் ரத்தம் கொடுத்தோம். நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ஸ்பெஷல் பேக்கேஜ் – ஜோடியாக வந்தால் தள்ளுபடி என்றார்கள். தள்ளுபடி என்றால் ரத்தத்தையே கொடுப்பவர்கள்தானே நாம்?

ரிப்போர்ட் வந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வரியில் எனக்கு ‘நார்மல்’. அவனுக்குத் தடித்த எழுத்தில் ‘ஹை’.

நார்மல் நல்ல செய்திதான். ஆனால் அன்று எனக்கு அது ஜஸ்ட் பாஸ் ஆன மாதிரி இருந்தது.

அவன் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். மறுநாளே வெல்டர் முதல் பெயின்டர் வரை விஷயம் தெரிந்துவிட்டது. மீசையை முறுக்கிக்கொண்டே திரிந்தான். “எந்தம்பி சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க” என்றாள் என் மனைவி. ஒரு ஹார்மோனுக்குமா பிறந்த வீட்டுப் பெருமை? எனக்கு வயிறு பற்றி எரிந்தது. யாருக்கும் தெரியாமல் தினம் நாலு முட்டை சாப்பிட ஆரம்பித்தேன். ஏப்பம்தான் கூடியது.

அவன் மனைவிதான் விவரமானவள். சேலத்தில் ஹார்மோன் டாக்டரிடம் இழுத்துப் போனாள். நானும் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன்...

அந்த டாக்டரம்மா கைகொடுத்துப் பாராட்டவில்லை. கூடுதலாக இருப்பது பெருமை இல்லை, எதனால் என்று தேட வேண்டிய விஷயம் என்றார். ஹார்மோன் ஊசி போடுகிறீர்களா? ஜிம் பவுடர்? தோலில் தடவும் ஹார்மோன் ஜெல்? எதுவும் இல்லை என்றான். அப்படியானால் விரையிலோ, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

அவன் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ முதல் நொடி உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் – த்தூ, என்ன மனசு இது? அடுத்த நொடியே பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு பெண் பிள்ளைகள் அவனுக்கு.

“வேற எந்த மாத்திரையுமே போடலையா?” என்று டாக்டர் மறுபடி கேட்டார்.

அவன் மனைவியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “முடி கொட்டாம இருக்கறதுக்கு ஒண்ணு போடறனுங்க மேடம்... ஊட்டுல சொல்லலைங்க.”

பயோட்டின் என்கிற விட்டமின் மாத்திரை. அதுவும் பெரிய டோஸ். அது ரத்தத்தில் நிறைய இருந்தால் சில டெஸ்டுகள் ஏமாந்துபோய், இல்லாத அளவைக் கூட்டிக் காட்டிவிடுமாம். மாத்திரையை நிறுத்திவிட்டு, சில நாள் கழித்து, காலை வேளையில் மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

அந்த நாட்களில் அவன் கை மீசைப் பக்கமே போகவில்லை. அவன் மனைவி திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கொண்டாள். நானும்தான்.

இரண்டாவது ரிப்போர்ட் நார்மல். கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. லேபை விட்டு வெளியே வந்து காரில் ஏறியதும், பயம் தெளிந்த தைரியத்தில் சீண்டினேன். இந்த வயசுல முடி எதுக்கு மாப்ள?

“நீங்க சொல்லுவீங்க மச்சான். விசேஷத்துக்குப் போனா, இவரு உங்க தம்பியான்னு உங்களைக் காட்டி என்னையக் கேக்கறாங்க. உங்க தலை நெறைய முடியப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருதுங்க.”

அடப்பாவி! நான் இவன் ரத்தத்தைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். இவன் என் தலையைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறான். பொறாமைக்கு மட்டும் எந்த லேபிலும் ‘நார்மல்’ வராது போலிருக்கிறது.

பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும், கார் கண்ணாடியை என் பக்கம் திருப்பி, அவன் பார்க்கிற மாதிரி, நிதானமாகத் தலை சீவிக்கொண்டேன்.