கறிக்குழம்பில் கறுப்பு சாக்லேட்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் முட்டை வைக்கிற இடத்தில் சாக்லேட் இருக்கும். காய்கறி வைக்கிற டப்பாவிலும் சாக்லேட்தான். கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் என் கணவர், நண்பர்களில் யார் ஊருக்கு வந்தாலும் அவர்கள் பெட்டியில் ஒரு பொட்டலத்தைத் திணித்து அனுப்பிவிடுவார். தங்கக் காகிதம் சுற்றிய உருண்டைகள், பேரீச்சம்பழத்துக்குள் பாதாமை வைத்து மேலே சாக்லேட் பூசியவை, செங்கல் மாதிரிப் பெரிய பாளங்கள். மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு வாரம்கூடத் தாங்காது. இப்போது அவள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சாக்லேட் தின்றால் முகத்தில் பரு வருகிறதாம். எனக்கோ சர்க்கரை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் கொடுக்க மனம் வரவில்லை. கடையில் நின்று, இதுவா அதுவா என்று பார்த்துப் பார்த்து எடுத்திருப்பாரே. மனிதர்தான் வரவில்லை, பொட்டலமாவது வந்திருக்கிறது என்று உள்ளே அடுக்கிக்கொண்டே போனேன்.

அதைக் கறியில் போட்டது ஆராய்ச்சிக்காக அல்ல. கோபத்தில் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் எங்கள் வீட்டு அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகள் லீவுக்கு வந்திருந்தாள். அவர் வீடியோவில் கூப்பிட்டு, இந்தத் தடவையும் லீவு கிடைக்கவில்லை என்றார். கூடவே, "சாக்லேட் வந்துச்சா மா?" என்று ஒரு கேள்வி. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்து, கையில் அகப்பட்ட நான்கைந்து தங்க உருண்டைகளைப் பிரித்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டியில் போட்டேன்.

"வந்துச்சி. இந்தாங்க, கொழம்புலயே கெடக்கட்டும்."

போட்ட பிறகுதான் உறைத்தது, அரைக் கிலோ நெஞ்சுக்கறி பாழ் என்று. மகள் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"மா, இது கறிக்கொழம்பு இல்ல. கறி பாயசம்."

அந்தப் பக்கம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. கல்யாணமான புதிதில் பிள்ளையார்பாளையத்தில் என் அம்மா வீட்டுக்கு வரும்போது, தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி சிரிப்பார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் அடுத்த ஞாயிறும் சாக்லேட்டைக் கையில் எடுத்தேன்.

மகள் ஃபோனைப் பார்த்துச் சொன்னாள். "மெக்சிகோல நெஜமாவே கறில போடுறாங்க மா. ஆனா டார்க் சாக்லேட். பால், சக்கரைலாம் இருக்கக் கூடாது."

நான் ஜாக்கெட் தைக்கிறவள். துணியை வெட்டுவதற்கு முன் நாலு தடவை அளக்கிற கை என்னுடையது. அடுப்படியில் அந்தப் பொறுமை கிடையாது. கடையில் கறுப்பு சாக்லேட் பாளம் வாங்கிவந்து, கொதிக்கும்போதே போட்டேன். அடிப்பிடித்துத் தார் போடுகிற வாசனை வந்தது. புளிக்கரைசலோடு போட்டேன், புளிப்பும் கசப்பும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. கோழிக்கு ஒத்துவரவே இல்லை. ஈரல் வறுவலில் மிளகோடு சேர்த்தபோது முதல் தடவையாக மகள் இரண்டாவது கரண்டி கேட்டாள். அங்கிருந்து பிடித்துக்கொண்டேன். புளியை விட்டுவிட்டுத் தக்காளி. தேங்காயை நன்றாகச் சிவக்க வறுத்து அரைக்க வேண்டும். மிளகு ஒரு பங்கு அதிகம். அடுப்பை அணைத்த பிறகு, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு துண்டு. மூடி வைத்துவிட வேண்டும். திறந்தால் குழம்பு இன்னும் கறுத்து, மேலே எண்ணெய் மினுங்கிக்கொண்டு இருக்கும். வாயில் போட்டால் முதலில் காரம், அப்புறம் கறி, எல்லாம் போன பிறகு தொண்டையில் ஒரு சின்னக் கசப்பு மட்டும் நிற்கும். அந்தக் கசப்புதான் இன்னொரு கை சோறு கேட்கும். சேலையில் உடம்பு ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக நெய்து கோர்ப்பதை எங்கள் ஊரில் கோர்வை என்பார்கள். அன்றைக்குக் கோர்வை சரியாக விழுந்த மாதிரி இருந்தது.

அவருக்கும் பொறுக்கவில்லை. அறையில் அவரோடு தங்கியிருப்பவர்கள் முறை வைத்துச் சமைக்கிறவர்கள். தன் முறை வந்தபோது அவரும் செய்தார். எல்லோரும் முதலில் கிண்டல் செய்துவிட்டு, அப்புறம் சட்டியை வழித்தார்களாம். ஆனால் என்னிடம் மட்டும், "உன்னுது மாரி வரலமா, கசப்பு ஓவரா இருக்குது" என்றார். நான் வாங்கின பாளம் வேறு, அவருடையது வேறு என்று தோன்றியது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே பாளத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவர் வைத்துக்கொண்டு, மறுபாதியைத் துண்டில் சுற்றி நண்பரிடம் கொடுத்தனுப்பினார். ஒரே பாளம், ஒரே அளவு மிளகு, ஒரே பக்குவம்.

ஆனால் ஒரே நாள் என்று வைக்க முடியவில்லை. அவருக்கு வாராந்தர லீவு வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் கறி எடுத்து ஆக்க நேரம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்தில் நான் கறி ஆக்குவேனா? அம்மனுக்கு விளக்கேற்றுகிற நாள். எனக்கு ஞாயிறு. அவருக்கு ஞாயிறு வேலை நாள். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை ஆக்கியதில் ஒரு டப்பா எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை வேலை இடத்துக்குக் கொண்டுபோனார். அவருக்கு ஒரு மணிச் சாப்பாடு என்றால் எனக்கு மூன்றரை. பசியோடு காத்திருந்து, மூன்றரைக்குத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். ஃபோனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்திருப்பேன். அங்கே அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் நிழலில் டப்பாவைத் திறப்பார். அதிகம் பேச மாட்டோம். "காரம் சரியா இருக்குதா?" "ம்." "இன்னிக்கி நல்லா கறுத்துக்கினு வந்துருக்குது." அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் அவர் எச்சில் கையை ஃபோனுக்கு நேரே காட்டி ஆட்டுவார், நான் ஃபோனை அணைப்பேன். வாரம் முழுக்க அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் தைத்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அதே நேரம், தட்டைக் கழுவும்போது வருகிற ஏக்கம் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்ததைவிட அதிகமாக இருக்கும். கழுவ ஒரே ஒரு தட்டுதானே.

இந்த வருஷம் லீவு கிடைத்துவிட்டது. ஒரு மாதம். டிக்கெட் போட்டுவிட்டுக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பங்கு போட்டோம். முதல் வாரம் நெஞ்சுக்கறி, அடுத்த வாரம் ஈரல், அதற்கடுத்து தலைக்கறி. பத்து நாள் கழித்து, ஜாக்கெட் துணி கொண்டுவந்த ஒரு அம்மா, "புரட்டாசி மொத சனிக்கெழமக்குள்ள குடுத்துடுமா" என்றபோதுதான் எனக்குப் பகீரென்றது. தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிக்கிறவள் நான்தான். செப்டம்பர், அக்டோபர் என்று ஆங்கில மாதத்திலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்துவிட்டேன். அவர் வந்து இறங்குவதும் திரும்பிப் போவதும் புரட்டாசிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

எத்தனையோ வீடுகளில் புரட்டாசியில் கறி கிடையாது. எங்கள் வீட்டில் முன்பெல்லாம் சனிக்கிழமை மட்டும்தான். அவர் முதன்முதலில் விமானம் ஏறியபோது, திருப்புட்குழிப் பெருமாள் முன்னால் நின்று நான் வேண்டிக்கொண்டேன். இவர் நல்லபடியாக இருக்க வேண்டும், சம்பாதித்தது போதும் என்று ஒருநாள் ஊரோடு வந்துவிட வேண்டும், அதுவரைக்கும் புரட்டாசி முழுவதும் என் வீட்டில் கறி ஆக்க மாட்டேன் என்று. அதிலிருந்து மாதம் பிறப்பதற்கு முந்தின நாளே கறிச்சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிடுவேன். அவர் மட்டும் அங்கே தின்பார். கேட்டால், "வேண்டுதல் உன்னுது, வயிறு என்னுது" என்பார்.

அவர் வந்து இறங்கியதும் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு கறுப்பு சாக்லேட் பாளம்தான்.

"இந்த வாட்டி பாதி இல்லமா. முழுசு" என்று என் கையில் கொடுத்தார்.

முழுசு என்ற அந்த ஒரு வார்த்தையை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தேன். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிற அன்றைக்குத்தான் பிரிப்பது என்று.

முதல் ஞாயிறு சாம்பார் ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டுப் பரணை நிமிர்ந்து பார்த்தார்.

"அதான் வந்துட்டேன் இல்ல? வேண்டுதல் முடிஞ்சிதுன்னு வச்சிக்கோ. சட்டிய எறக்குமா."

"நீங்க மொதல்ல பொட்டிய பரண்ல ஏத்துங்க. நான் சட்டிய எறக்கறேன். ரெண்டுக்கும் அங்க எடம் இல்ல."

விளையாட்டாகச் சொல்கிற குரலில்தான் சொன்னேன். ஆனால் விளையாட்டு இல்லை. அவர் கட்டிலோரம் நின்ற பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "ராத்திரிக்கு தோசையா? இன்னா சட்னி?" என்றார். அப்பாவைப் பார்க்க வந்திருந்த மகள் குறுக்கே புகுந்து, "ஏன் மா, ஒரே ஒரு நாள் எக்ஸப்ஷன் குடுக்க மாட்டாரா பெருமாளு? இல்லன்னா ஹோட்டலுக்குப் போலாமே பா" என்றாள். ஹோட்டலுக்கு அவரே வேண்டாம் என்றுவிட்டார். எனக்கும் கறி முக்கியமில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலேயே நான் இன்னொரு கரண்டி ஊற்றி, போதும் போதும் என்று அவர் கையை விரித்துத் தடுக்க வேண்டும். அது ஃபோனில் முடியாது.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. தினமும் எழுந்ததும் பெட்டியைத்தான் பார்ப்பேன். அது கட்டிலோரத்திலேயே நின்றது. அதன் மேல் அவர் துண்டைப் போடுவார், நான் எடுத்துக் கொடியில் போடுவேன்.

கடைசி ஞாயிறு காலையில், என்னிடம் ஒன்றும் சொல்லாமல் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கோடு போகிறவர்கள் கறிக்கடைக்குத்தான் போவார்கள். மனிதர் முடிவு செய்துவிட்டார், இனித் திரும்பிப் போக மாட்டார் என்று நினைத்தேன். பரணுக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டேன். வெங்காயம்கூட உரித்தேன். அவர் வந்து தூக்கை மேடையில் வைத்தார். உள்ளே தயிர்.

"வீட்ல இருக்கறது புளிச்சி போச்சி. அதான் நல்லதா வாங்கியாந்தேன்" என்றார்.

ஸ்டூலைப் பார்த்தார். நான் எடுத்துப் பழைய இடத்தில் போட்டேன். உரித்த வெங்காயத்தைத் தயிர்ப் பச்சடிக்கு நறுக்கினேன். பெருமாள் மேல் கோபம் வந்தது, அவர் மேல் வந்தது, தயிர் மேலும் வந்தது.

கிளம்புகிற அன்று விடியற்காலை, காபிக்குப் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். சாக்லேட் பாளத்தின் உறை பிரித்திருந்தது. மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. எப்போதும் போல நேராக, ஒரு பொடி உதிராமல் உடைத்திருந்தார். மறுபாதி எங்கே இருக்கும் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே பெட்டியின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது.

ஃப்ரிட்ஜைத் திறந்தபடியே நான் நிற்பதை அடுப்படி வாசலிலிருந்து பார்த்துவிட்டார்.

"ஐப்பசி பொறந்ததும் ஞாயித்துக்கெழம கூப்புடறேன் மா. மூணர மணிக்கு."

"சரிங்க" என்றேன். பால் பொங்குகிறதென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் இன்னும் அடுப்பையே பற்ற வைக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. சட்டியை இறக்கினேன். முதல் ஞாயிறு, அவர் விட்டுப்போன பாதியிலிருந்து ஒரு துண்டு கிள்ளிப் போட்டேன். மூன்றரைக்கு அவர் டப்பாவைத் திறந்தார், நான் தட்டைப் போட்டேன். ஒரே பாளம், அதே கசப்பு. "நல்லா இருக்குதா?" என்றார். நன்றாகத்தான் இருந்தது, இதுவரை ஆக்கியதிலேயே அன்றைக்குத்தான் நன்றாக வந்திருந்தது. சொன்னேன்.

பரணில் சட்டி இருந்த இடம் காலியாக இருக்கிறது. ஒரு பெட்டி தாராளமாகக் கொள்ளும். மகள் தன் பழைய புத்தகங்களை அங்கே ஏற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன்.