மாதிரிப் பக்கம்

ஜீவனின் அப்பாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு நான் போய் நின்றபோது, அவர் கைலியோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்த முட்டாள் நான் மட்டுமில்லை. வாசலில் இன்னும் பதினைந்து பேர் நின்றார்கள்.

முதலில் ஜீவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற உலு திராமில் எனக்கு பேனர் அடிக்கும் கடை. கடைக்குப் பின்வரிசையில்தான் அவன் வீடு. ஒன்பது வருடம் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய்வந்தவன். ஒரு விடியற்காலை மழையில் பாலத்திலேயே சறுக்கி விழுந்தான். பின்னால் வந்த மோட்டார் அவன் முழங்காலில் ஏறிவிட்டது. உள்ளே தகடு வைத்தார்கள். நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை அதோடு போயிற்று.

அவன் அப்பா மணியத்துக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய அழைத்துப் போகவேண்டும். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. அதனால் வீட்டோடு இருந்து செய்கிற வேலையாகத் தேடினான். யாரோ கொடுத்த பழைய லேப்டாப்பில் இலவசப் பாடங்களைப் பார்த்துப் பார்த்து, வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டான். முப்பத்தொரு வயதில் அது அவனுக்கு ஒன்றாம் வகுப்பு.

முடிதிருத்தும் கடை, மளிகைக்கடை, டியூஷன் நிலையம் என்று ஏறி இறங்கினான். ஃபேஸ்புக்கில் போட்டாலே போதும், இது எதற்கு என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. என் பேனர் மழையில் நனைந்தாலும் ரோட்டில் நிற்கும், உன்னுடையது எங்கே நிற்கும் என்று கேலி செய்தேன். சிரித்துக்கொள்வான். வாய்க்கொழுப்பு எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம்.

அவனுக்கு இரண்டே ஆசைகள். ஒன்று, இந்த வேலையில் கால் ஊன்றுவது. இன்னொன்றை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். அப்பா கண்ணை மூடுவதற்குள் தங்கை பிரவீனா ஒரு தடவையாவது அந்த வீட்டுக்குள் வரவேண்டும். அவள் ஜாஸிம் என்பவனைக் கட்டிக்கொண்டு, மதம் மாறி, மெர்சிங்கில் மாமனாரின் சாப்பாட்டுக் கடைப் பக்கமாகக் குடியேறி ஏழு வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து மணியம் தமக்கு ஒரே பிள்ளை என்றுதான் சொல்லிவந்தார். ஜீவன் அவளோடு ஒளிந்து ஒளிந்து போனில் பேசுவான். என்னிடமும் அவள் நம்பர் இருந்தது.

ஜீவனுக்கு வேலை கொடுத்த முதல் ஆள் கமலநாதன். ஈமச்சடங்கு வண்டி, கூடாரம், பெட்டி என்று எல்லாம் வைத்து நடத்துகிறவர். குடும்பத்தார் மரண அறிவிப்பை அவரவரே போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு தளம் வேண்டும் என்றார். படம், பெயர், பிள்ளைகளின் பெயர், உடலை எரிக்க மின்சுடலைக்குக் கிளம்பும் நேரம், எல்லாம் இருக்கவேண்டும். மாதிரிக்கு ஒரு பக்கம் காட்டச் சொன்னார். வெள்ளைக்காரன் படமெல்லாம் ஆகாது, நம்ம ஆள் முகமாக இருக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

ஊரார் படத்தை எடுத்துப் போட ஜீவனுக்கு மனசு வரவில்லை. அப்பாவின் படத்தையே போட்டான். கீழே பிள்ளைகள் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, அடுத்த வரியில் பிரவீனா, மெர்சிங் என்று எழுதினான். வீட்டில் உச்சரிக்க முடியாத பெயரை அப்பாவின் பெயருக்குக் கீழே எழுதிப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னான். நேரமெல்லாம் சும்மா நிரப்பியதுதான். பக்கத்தை யார் எந்த நாளில் திறந்தாலும் அந்த நாளின் தேதி தானாக விழும்படி வைத்திருந்தான்.

'இது மாதிரி மட்டுமே' என்று எழுதாமலும் இல்லை. லேப்டாப்பில் பார்த்தால் படத்துக்குப் பக்கத்திலேயே கட்டம் கட்டித் தெரியும். போனில் பார்த்தால் பக்கத்தில் இருப்பது கடைசிக்கு இறங்கிவிடும், பெயர்கள் எல்லாவற்றுக்கும் கீழே. புதிதாகத் தொழிலுக்கு வந்தவன், போனில் திறந்து பார்க்கவில்லை.

கமலநாதன் அந்த லிங்கை, எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தன் வண்டியோட்டிகளுக்கு அனுப்பினார். அவர்களில் ஒருவன் மணியத்தைத் தெரிந்தவன். அவ்வளவுதான், வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. அன்று நான் ஒரு வேலையாகக் குளுவாங்கில் இருந்தேன். என் போனுக்கும் வந்தது. ஜீவனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாவு வீட்டில் யார் போனை எடுப்பார்கள் என்று நானே முடிவுகட்டினேன். 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி நாலு பேருக்குத் தள்ளிவிட்டேன். மெர்சிங்குக்கு அனுப்பியதும் நான்தான். கடைசி வரை இறக்கிப் பார்க்க எனக்கு ஒரு விரல் போதுமாயிருந்தது, செய்யவில்லை.

அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் திரும்பிய ஜீவன், வாசலில் கூட்டத்தைப் பார்த்துத்தான் விஷயத்தையே அறிந்தான். அப்பா கைலி மாற்றித் தொலைக்காட்சி முன் உட்கார்ந்த பிறகுதான் நான் வந்து சேர்ந்தேன். மணியம் யாரோ ஒருவரின் போனை வாங்கித் தம்முடைய மரண அறிவிப்பை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. ஜாஸிம் காரிலேயே இருந்துவிட்டான். பிரவீனா செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதுகொண்டே உள்ளே ஓடிவந்தாள். அப்பா நாற்காலியில் இருப்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு வருடத்துக்குப் பிறகு அவளை அந்தக் கூடத்தில் பார்க்கிறேன். எனக்கே அழுகை வந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஜீவன் குனிந்து, "அப்பா, பாருங்க, உங்களுக்காக ஓடி வந்திருக்கா" என்றான்.

மணியம் அவளைப் பார்க்கவில்லை. பதினைந்து ஜோடிக் கண்கள் தம்மேல் இருப்பதைத்தான் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் செத்தா அழ ஆள் இருக்கு, தெரிஞ்சிக்கிட்டேன். நான் இன்னும் சாகல. போகச் சொல்லு."

பிரவீனா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். ஜீவன் அந்தக் காலோடு தெருமுனை வரை காருக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு போனான். மணியத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கமலநாதனுக்குக் குஷி. ஒரே நாளில் இத்தனை பேர் பார்த்தார்களா என்று கேட்டு வேலையை ஜீவனிடமே கொடுத்தார். அவரைப் பார்த்து வேறு ஊர்க்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஜீவன் கால் ஊன்றிவிட்டான். மாதிரிக்குப் புதிதாக வேறு பக்கம் செய்து, 'மாதிரி' என்ற சொல்லைச் சிவப்பில் உச்சியில் வைத்தான், முகமில்லாத படம் ஒன்றைப் போட்டான். வேலை கிடைத்ததைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மணியம் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். அறிவிப்பை ஜீவனே போட்டான். மூடிவைத்திருந்த பழைய பக்கம், பழைய லிங்கிலேயே, அப்படியே இருந்தது. 'மாதிரி' கட்டத்தை எடுத்துவிட்டு, தானாக விழும் தேதியை அன்றைக்கு நிறுத்தி வைத்தான். பிரவீனாவின் பெயரைத் தொடவில்லை. இந்தத் தடவை நான் லிங்கை அனுப்பவில்லை, போன் செய்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"மூர்த்தி அண்ணே, நான் அன்னைக்கே வந்து அழுதுட்டேன். போகச் சொன்னாங்க, போயிட்டேன். மறுபடி வர என்னால முடியாது. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். அவன் நம்பவில்லை. அறிவிப்பில் மூன்று மணிக்குக் கிளம்பும் என்று போட்டிருந்ததை நான்காக்கினான், பிறகு நாலரையாக்கினான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மின்சுடலையில் நேரம் தவறிவிடும் என்று கமலநாதன் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் தூக்கவிட்டான். அவள் வரவில்லை.

பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்ததும் அறிவிப்புகளைத் தளத்திலிருந்து எடுத்து இறக்கிவிடுவது வழக்கம். எப்போது இறக்கப்போகிறாய் என்று கேட்டேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் பட்டியல் அது. உலு திராம், குளுவாங், சிங்கப்பூர் எல்லாம் மூன்றாம் நாளோடு நின்றுபோயிருந்தன. மெர்சிங் என்ற வரி மட்டும் நிற்கவில்லை. அப்பா போன நாளில் முப்பத்திரண்டு தடவை. அதன் பிறகு ஒரு நாள்கூடத் தவறாமல், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

அந்தப் பக்கத்தை அவன் இன்னும் இறக்கவில்லை.