க்னெட்லீக்குக்கு ஒரு படுக்கை

யார்மிலாவின் முதுகுக்குப் பின்னால் தினமும் ஆயிரம் பேர் ஏறி இறங்குவார்கள். ஒருவரும் அவளிடம் பேச மாட்டார்கள். ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று ட்ராமின் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. செக் நாட்டின் ஒஸ்த்ராவா நகரில் இருபத்து நான்கு வருடம் ட்ராம் ஓட்டிய அந்தக் கைகளுக்கு, வீட்டில் தொட்டுத் தடவ ஒரே ஓர் உயிர்தான் இருந்தது. அது ஒரு மணல் பாம்பு. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் ஊறிய மாவுருண்டை மாதிரி கொழுகொழுவென்று இருந்ததால், அந்த உருண்டையின் பெயரையே அதற்கு வைத்திருந்தாள்: க்னெட்லீக்.

புதைந்து வாழும் ஜாதி அது. மணல் பாம்புக்கு மணல்தானே மெத்தை? மணலுக்கு அவளுக்கென்ன பஞ்சம்! பனிக்காலத்தில் சக்கரம் வழுக்காதிருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணல், சலித்துக் காயவைத்து டிப்போவில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மேலதிகாரியிடம் கேட்டு ஒரு பை வாங்கிக்கொண்டாள்.

டிப்போவில் ட்ராம்களுக்கு மணல் நிரப்பும் வென்டெலினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இனிமே உன் பாம்பு எந்த இறக்கத்துலயும் வழுக்காது யார்மிலா!"

"முதல்ல உன் வாய்க்கு ஒரு பிரேக் போடணும்யா. பையைப் பிடி."

கண்ணாடித் தொட்டியில் ஒரு விரல் கனத்துக்குத்தான் பரப்பினாள். அதற்கு மேல் போட்டால் க்னெட்லீக் மறைந்துவிடுவானே! வேலை முடிந்து வரும்போது அவன் முகம் தெரிய வேண்டும் அவளுக்கு.

அதன் பிறகு ஏழு வாரமாக க்னெட்லீக் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் எலியை இடுக்கியில் பிடித்து நீட்டுவாள். அவன் மூலைக்குள் முகத்தைத் திருப்பிக்கொள்வான். முதுகெலும்பு வரிவரியாகத் தெரியத் தொடங்கியபோது அவளுக்கும் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

கால்நடை மருத்துவர் ஹ்ருபா அவன் வாயை மெல்லத் திறந்து பார்த்தாள்.

"என்னம்மா இது, ஈறெல்லாம் கண்ணாடித் தூள் மாதிரி ஒட்டியிருக்கு?"

"ட்ராம் மணல் டாக்டர். நல்ல சுத்தமான மணல்."

"சக்கரத்தையே பிடிச்சு நிறுத்துற மணல், இவன் தொண்டையில மட்டும் நழுவிப் போயிடுமா? அதுவும் விரல் கனத்துக்குப் போட்டா இவன் எங்கம்மா ஒளிவான்? பயந்து போயிருக்கான். ஆஸ்பென்னு ஒரு மரம், அதோட சீவல் வாங்குங்க. பைன், தேவதாரு எல்லாம் வேண்டாம், அந்த நெடி ஆகாது. ஒரு சாண் ஆழம் போடுங்க. அவன் துளைச்சா வளை இடியாம நிக்கும். ஒரு வாரம் தொடாதீங்க, கிளறாதீங்க."

"ஒரு சாணா? அப்புறம் நான் அவனை எப்படிப் பாக்கறது?"

"பாக்க முடியாது. அவன் பிழைக்கணுமா, உங்க கண்ணு முன்னாடி இருக்கணுமா?"

யார்மிலா அவனைப் பெட்டியில் வைத்து மூடினாள். திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ட்ராமில் பயணியாக உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் பெட்டியின் மூடியில் சொட்டியது.

அன்றே மணலை அள்ளிக் கொட்டிவிட்டுச் சீவலை நிரப்பினாள். க்னெட்லீக் நாக்கை நீட்டிப் பார்த்தான். தலை போயிற்று, உடல் போயிற்று, கடைசியில் வால் நுனியும் போயிற்று. வெளிர் மஞ்சள் சீவல் மட்டும் மிஞ்சியது. வாரம் முழுக்க அவள் வெறும் சீவலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வென்டெலின் இரண்டு பீர் பாட்டிலோடு வந்து நின்றான்.

"மணலை அள்ளிக் குடுத்தவன் நான்தானே. எனக்கு மனசு கேக்கல." தொட்டியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டான். "இப்ப எதைப் பாக்கறோம்?"

"மரச்சீவலை."

"சரி. படம் எப்ப ஆரம்பிக்கும்?"

"பேசாம இருய்யா."

இடுக்கியில் எலியைத் தாழ்த்தினாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். சீவல் லேசாக அசைந்தது. கடுகு போல இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. வெடுக்கென்று ஒரு பாய்ச்சல்! எலியை வளைத்துப் பிடித்து அடியில் இழுத்துக்கொண்டான் க்னெட்லீக்.

"சாப்பிடறான்! வென்டா, என் பிள்ளை சாப்பிடறான்யா!"

"அதுக்கு ஏன் அழறே, பைத்தியம்?" என்றான் அவன். ஒரு பீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தான்.

உள்ளே எங்கேயோ சீவல் சரசரத்தது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.