ஜெனரலின் எட்டுப் பதக்கங்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியை. ஒருநாள் மாலை வீடு திரும்பினால், கூடத்து நாற்காலியில் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடித்து வந்த என் கணவர் கதவைத் தாழிடாமல் உள்ளே தூங்கிவிட்டிருக்கிறார். பெரியவர் தலையைத் தூக்காமலே காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார்.

இது எங்கள் வீடு என்று அவரை நம்பவைக்கச் சற்று நேரமாயிற்று. அவர்மீது தப்பில்லை. எங்கள் பிளாக்கில் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டு தெரு தள்ளியிருந்த சுரங்க இன்ஜினீயரின் மாமனார் அவர். ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது, தேடிக்கொண்டு வந்த அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. ஜெனரல் காபியைக் குடித்துவிட்டே கிளம்பினார்.

விஷயம் தலைமையாசிரியர் காதுக்குப் போயிற்று. குடியரசு தின விழாவுக்கு அவரே சிறப்பு விருந்தினர் என்று முடிவாகி, வரவேற்புரை என் தலையில் விழுந்தது. பிள்ளைகளுக்கு மயிர்க்கூச்செறிய வேண்டும் என்பது உத்தரவு.

நோட்டோடு இன்ஜினீயர் வீட்டுக்குப் போனேன். ஜெனரலின் மனைவி, நான் அம்மா என்றே கூப்பிட்டவர், எட்டுப் பதக்கங்களையும் சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டின்மேல் பரப்பி வைத்தார். ஒவ்வொன்றாக ஜெனரலிடம் கேட்டேன். ஒன்று, மலையில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்ததற்காம். இன்னொன்று, இருபது வருஷம் வேலை பார்த்ததற்கு. பளபளவென்று இருந்த ஒன்றைக் காட்டினேன். சுதந்திர வெள்ளி விழாவின்போது பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது என்றார்.

"எங்க சமையல்காரருக்கும் இதேதான் டீச்சர். அவர் சட்டையில இன்னும் எடுப்பா இருந்துச்சு."

கடைசிப் பதக்கம் வீரத்துக்கானது. அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, அம்மாதான் சொன்னார். கேப்டனாக இருந்தபோது பனிமூட்டத்தில் தன் ஆட்களோடு வழி தவறி, எதிரி முகாமின் பின்பக்கமாகப் போய் இறங்கியிருக்கிறார். முன்பக்கமே பார்த்துக் காத்திருந்தவர்கள் திகைத்துப்போய்த் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்களாம்.

"துணிச்சலா சுத்தி வளைச்சார்னு சர்க்கார் எழுதிச்சு. வழி தெரியாமப் போயிட்டேன்னு எனக்கு எழுதினார்" என்றார் அம்மா.

ஜெனரல் மறுக்கவில்லை. "ரெண்டு பக்கமும் ஒருத்தருக்கும் காயமில்ல. அத மட்டும் எழுதுங்க" என்றார்.

நான் அத்தோடு நிறுத்துவேனா? இமயம் இறங்கி வந்து கைகட்டி நின்றது, பகைவர் குலை நடுங்கியது என்று நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். இமயம் போயிற்று, குலை நடுக்கம் போயிற்று. அரைப் பக்கம் மிஞ்சியது. வழி தவறியதை அவரே ஓரத்தில் எழுதிச் சேர்த்தார்.

விழாவில் அந்த அரைப் பக்கத்தைப் படித்தேன். பிள்ளைகள் கொஞ்சம் குழப்பத்தோடு கை தட்டினார்கள். பிறகு ஜெனரல் எழுந்து, இந்த ஊரில் ஒருநாளும் வீடு மாறிப் போகாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். ஒரு கைகூட எழவில்லை. அப்புறம் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. வீரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லையே என்று மறுநாள்வரை என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து ஜெனரல் வந்தார். இந்த முறை தெரிந்தேதான் வந்தார். என் கணவர் உள்ளே போகும்வரை வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், நீங்க மொதல்ல எழுதினீங்களே... நான் அடிக்காத காப்பி ஒண்ணு கிடைக்குமா? பேத்திக்குத்தான்."

பேத்திக்கு அப்போது ஒன்றரை வயது. நான் எதுவும் கேட்காமல், நான்கு பக்கத்தையும் நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் காய்கறி மார்க்கெட்டில் அம்மாவைப் பார்த்தபோது, ஜெனரல் தினமும் காலையில் அதை உரக்கப் படிக்கிறார் என்றார். இமயம் கைகட்டி நிற்கும் இடம் வந்தால் கொஞ்சம் நிறுத்தி, அம்மா கேட்கிறாரா என்று நிமிர்ந்து பார்ப்பாராம்.