மார்லிஸ் கட்டிய நைலான் காலுறை

மார்லிஸ் டோஃப்டேயிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர், அமெரிக்காவின் வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் டுலூத் ஊரில் யாரும் கிடையாது. அடுத்த வீட்டுக்காரனான நான் இருபத்தாறு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். வீடு வீடாகப் போய் துணி காயவைக்கும் டிரையர் மெஷினின் சூட்டுக்காற்றை வெளியேற்றும் குழாய்களில் அடைந்த பஞ்சை எடுப்பதுதான் என் பிழைப்பு. ஊரெல்லாம் என் பேச்சைக் கேட்கும், அந்த அம்மாவைத் தவிர.

மார்லிஸுக்கு வயது எழுபத்து மூன்று. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை. புருஷனை அடக்கம் செய்துவிட்டு, தங்கை ஆர்டிஸைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். எதையும் வீணாக்க மாட்டார். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீர் சூப்புக்குப் போகும். பிரெட் வந்த பை பூட்ஸுக்குள் போகும், கால் நனையாமல் இருக்க.

அதே புத்திதான் டிரையரிலும். முதல் பனி விழுந்ததும் வெளிச்சுவருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதன் வாயில் பழைய நைலான் காலுறை ஒன்றை ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடுவார். பஞ்சு காலுறையில் தங்கும், சூடு வீட்டுக்குள்ளேயே இருக்கும். எங்கள் தெருவில் பாதி அம்மாக்கள் ஒரு காலத்தில் இப்படிச் செய்தவர்கள்தான். சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது, பஞ்சு தீப்பிடிக்கும் என்று நான் வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்துவேன். கெட்டித் தகரக் குழாயாக மாட்டி, மூட்டுகளில் பஞ்சு சிக்காதபடி திருகாணி இல்லாமல் தகர டேப்பால் ஒட்டிக் கொடுப்பேன். அடுத்த பனிக்கு அதுவும் கழன்று கிடக்கும்.

போன அக்டோபரில் பழைய மின்சார டிரையர் செத்துப்போனது. யாரோ உறவுக்காரப் பையன் கேஸ் டிரையர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். நான் மெனக்கெட்டுப் போய்ச் சொன்னேன்.

"மார்லிஸ், இது கேஸ். உள்ள நெருப்பு எரியுது. அந்தப் புகை வெளியதான் போகணும். மணம் இருக்காது, கண்ணுக்கும் தெரியாது, ஆளைக் கொன்னுடும்."

"சரிப்பா, சரி. கேக் சாப்பிடு."

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து அவர் வீட்டு டிரையர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் சுவரில் இருந்த குழாய் மூடியின்மேல் பனி உருகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஆவி எதுவும் வரவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர் சமையலறைக்குள் ஓடினேன்.

"ஆர்டிஸ் எங்க?"

"கீழ சோஃபாவுல படுத்திருக்கா. தலைவலியாம், வாந்தி வர்ற மாதிரி இருக்காம். அவளுக்குப் பொழுதன்னிக்கும் ஏதாவது ஒண்ணு. காப்பி குடிக்கிறியா?"

"குழாயைக் கழட்டிட்டீங்களா?"

"பின்ன? அவ்வளவு சூட்டையும் வெளிய விட்டு ஏரியைக் காய வைக்கச் சொல்றியா?"

"விஷவாயு வந்தா அடிக்கிற அலாரம் அடிக்கலையா?"

"அடிச்சுது. அவ தூங்கணுமேன்னு பேட்டரியைக் கழட்டி வெச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நிலவறைக்கு இறங்கி முதலில் டிரையரை அணைத்தேன். ஆர்டிஸின் கண் பாதி மூடியிருந்தது.

"எப்படி இருக்கீங்க, ஆர்டிஸ்?"

"மோசமில்ல" என்றார், எழுந்து உட்காரக்கூட முடியாத அந்த அம்மா. எங்கள் ஊரில் சாகக் கிடந்தாலும் இதுதான் பதில். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே வந்து, பனியில் இறக்கினேன். தரையெல்லாம் பூட்ஸ் ஈரம் என்று திட்டிக்கொண்டே மார்லிஸ் கோட்டோடு பின்னால் வந்தார். அங்கே நின்றே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். பிழைத்துவிடுவார் என்று தெரிந்ததும் இருபத்தாறு வருஷக் கோபமும் என் வாயில் வந்து நின்றது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த மார்லிஸிடம் போனேன்.

"ரெண்டே ரெண்டு பேர் வீட்டுல. காலையிலேர்ந்து விடாம ஓட்டுற அளவுக்கு அப்படி என்ன துணி?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"துணி எதுவும் இல்லப்பா. தலை வலிக்குது, உடம்பு நடுங்குதுன்னா. கொஞ்சம் சூடு பட்டா சரியாயிடும்னு சும்மாவே ஓட்டினேன். அவளுக்கு முடியாமப் போகப் போக, நான் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

அந்த அம்மாவுக்கு எதிரே முதல்முறையாக எனக்குப் பேசுவதற்கு இடம் கிடைத்தது. நான் போய் அவருக்கு ஒரு காப்பி வாங்கி வந்தேன்.